கத்திக்கு உறை செய்யும்போது கைப்பிடியைக் காப்பது எப்படி?

வாழைத் தோப்பிலும், தென்னந்தோப்பிலும், வெற்றிலைக் கொடிக்காலிலும் வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பில் ஒரு கத்தி இல்லாமல் பொழுது போகாது. சருகு அறுக்க, பக்கக் கன்று நீக்க, கயிறு நறுக்க என்று நாள் முழுவதும் அது தேவைப்படுகிறது. பலர் இந்தக் கத்தியை வேட்டி மடிப்பில் அப்படியே செருகிக்கொள்கிறார்கள். சிலர் பழந்துணியிலோ சாக்கிலோ சுற்றி வைத்துக்கொள்கிறார்கள். வரப்பில் கால் வழுக்கும்போதும், கன்று தோண்டக் குனியும்போதும், மரத்திலிருந்து இறங்கும்போதும் அந்தக் கத்தியே ஆளைக் காயப்படுத்திவிடுகிறது. தொடையில் விழுந்த ஒரு வெட்டு ஆற இரண்டு வாரம் ஆனால், சொந்தக் கையால் பாடுபடும் சிறு விவசாயிக்கு அது பெரிய நஷ்டம்.

இதற்கு நல்ல தோல் உறை ஒன்றே போதும். தோலை நனைத்து, கத்தியை உள்ளே வைத்து அழுத்தி, கத்தியின் வடிவத்திற்கே படிய வைத்துச் செய்யும் உறை நெடுநாள் உழைக்கும். குனிந்தாலும் ஓடினாலும் கத்தி நழுவாது. ஊரிலுள்ள தோல் தொழிலாளியிடம் சொல்லியும் செய்துகொள்ளலாம். பொறுமை இருந்தால் வீட்டிலேயும் செய்யலாம்.

ஆனால் இப்படிச் செய்யும்போது ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. ஈரத் தோலுக்குள் கத்தியை அப்படியே வைத்து, இரவு முழுவதும் விட்டுவிடுகிறார்கள். காலையில் உறை அழகாக அமைந்திருக்கிறது. கைப்பிடியோ கறுத்தும், மெருகு வெளுத்தும், சில இடங்களில் உரிந்தும் போயிருக்கிறது. சில வாரங்களில் கைப்பிடி ஆடத் தொடங்குகிறது. ஆடும் கைப்பிடியுள்ள கத்தி உறையில்லாத கத்தியைவிட ஆபத்தானது. ஓங்கி வெட்டும்போது கை திரும்பிவிடும். அலகு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. அரை மணி நேர முன்னேற்பாட்டினால் இதைத் தவிர்த்துவிடலாம்.

கைப்பிடியும் உறைக்குள் போவது ஏன்?

அலகை மட்டும் மூடும் உறையில் கத்தி நிற்காது, குனிந்தால் விழுந்துவிடும். அதைத் தடுக்க மேலே ஒரு வார் வைத்துப் பொத்தான் போட வேண்டியிருக்கும். சேற்றுக் கையோடு அந்தப் பொத்தானைக் கழற்றி மாட்டுவது தொல்லை. ஆகவே கைப்பிடியின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் உறைக்குள் இறங்கும்படி செய்வது நல்லது. கைப்பிடியின் புடைப்பைத் தோல் பிடித்துக்கொள்வதால் வார் இல்லாமலே கத்தி நிற்கும். அதே காரணத்தால், ஈரத் தோல் நேராக அழுந்தும் இடமும் கைப்பிடிதான். அலகைவிடக் கைப்பிடிக்கே காவல் அதிகம் தேவை.

இங்கே சொல்லும் முறை நேரான அலகுள்ள கத்திக்கும், சிறிதே வளைந்த கத்திக்கும் பொருந்தும். கொக்கி போல வளைந்த அரிவாளுக்குப் பக்கவாட்டில் திறந்த வேறு வகை உறை வேண்டும்.

எந்தத் தோல் படியும்?

எல்லாத் தோலும் நனைத்தால் வடிவம் பிடிக்காது. மரப்பட்டை, காய் இவற்றின் சாற்றில் பதனிட்ட தோலே இதற்கு ஏற்றது. ஆவாரம் பட்டை கொண்டு தோல் பதனிடுவது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நடந்துவந்த தொழில். திண்டுக்கல், ஈரோடு, திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் இவ்வாறு பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் வெளிநாடுகளுக்கும் சென்றது. ஆவாரம் பட்டைக்குப் பதிலாக வாட்டில் மரப்பட்டைச் சாறும், கடுக்காயும் பின்னர் பெருமளவில் பயன்பட்டன.

குரோம் உப்பில் பதனிட்ட தோல் துணி போல வளையும். அதை நனைத்து அழுத்தினாலும் காய்ந்தபின் பழைய நிலைக்கே திரும்பிவிடும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. தோலின் ஒரு மூலையை நறுக்கி வெட்டு வாயைப் பார்க்க வேண்டும். பட்டையில் பதனிட்ட தோல் உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுப்பகுதி பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறமாகத் தெரியும். பட்டையில் பதனிட்ட, மேற்பூச்சு இல்லாத தோலின் மீது ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே உறிஞ்சி அந்த இடம் கறுக்கும்.

தோலின் கனம் ஏறத்தாழ 3 மில்லி மீட்டர் இருந்தால் போதும். செருப்பின் அடித்தோல் இயந்திரத்தில் அழுத்தி இறுக்கப்பட்டது, மிகவும் விறைப்பானது. கையால் அழுத்திப் படிய வைக்க அது ஏற்றதல்ல.

ஈரம் செய்யும் கேடுகள்

முதலாவது, கறை. பட்டைச் சாற்றில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உள்ளது. நனைந்த தோலிலிருந்து கசியும் இந்தத் துவர்ப்பு இரும்பைத் தொட்டவுடன் கருநிறமாக மாறும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்து அந்தக் காலத்தில் எழுது மை காய்ச்சினார்களே, அதே மாற்றம்தான் இங்கேயும் நிகழ்கிறது. அலகும், இரும்பு ஆணியும் உள்ள இடத்தைச் சுற்றி மரத்தில் கறுப்பு ஊறிவிடுகிறது. இது மேலோடு நிற்கும் அழுக்கு அல்ல. மரத்தின் நார்களுக்குள் உருவான மை. தேய்த்துக் கழுவினால் போகாது. பித்தளைப் பூண் இருந்தால் அதில் பச்சைக் களிம்பு ஏறும்.

இரண்டாவது, மெருகு கெடுதல். அரக்கு மெருகு நீரில் ஊறினால் பால் தெளித்தது போல வெளுக்கும். வார்னிஷ் பூச்சில் சிறு விரிசல் இருந்தாலும் நீர் அதன் வழியே அடியில் புகுந்து பூச்சைக் கிளப்பிவிடும். எண்ணெய் மட்டும் பூசிய கைப்பிடியில் மரத்தின் நார் எழும்பிச் சொரசொரப்பாகும்.

மூன்றாவதே பெரிய கேடு. நீர் குடித்த மரம் உப்புகிறது. பூணும் ஆணிகளும் இறுக்கிப் பிடித்திருப்பதால் வெளியே விரிய இடமில்லாமல் மரத்தின் நார்கள் தாமே நசுங்குகின்றன. காயும்போது மரம் முன்பிருந்த அளவைவிடவும் சுருங்கிவிடுகிறது. மண்வெட்டிக் காம்பு ஆடினால் அதை இரவில் தண்ணீரில் போட்டு வைப்பதைப் பல வீடுகளில் காணலாம். காலையில் இறுக்கமாக இருக்கும். இரண்டு நாள் வெயில் பட்டதும் முன்னைவிட அதிகமாக ஆடும். ஈரத் தோலுக்குள் இரவு முழுதும் கிடந்த கைப்பிடிக்கும் அதே கதிதான்.

கைப்பிடியைத் தயார் செய்தல்

உறை செய்யப் போவதாக முடிவு செய்ததும் முதலில் கைப்பிடியைக் கவனிக்க வேண்டும். ஆணி ஆடுகிறதா, பூண் நகர்கிறதா என்று பார்த்துப் பழுது இருந்தால் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆடும் கைப்பிடியின் அளவுக்கு உறை செய்தால், பிறகு கைப்பிடியை மாற்றும்போது உறையும் பொருந்தாமல் போய்விடும்.

மெருகு பூசாத கைப்பிடியானால், பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசலாம். பூசிய கால் மணி நேரத்தில் மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். நாளைக்கு ஒரு முறையாக மூன்று முறை பூசினால் போதும். தேங்காய் எண்ணெய், புங்க எண்ணெய் போன்றவை காயும் தன்மை உடையவை அல்ல. அவை மேலே பிசுக்காக நின்று, பிறகு தோலில் ஊறி அதை இளக்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். கூரை வீடு, வைக்கோல் போர் உள்ள இடங்களில் இதில் மிகுந்த கவனம் வேண்டும். துணியைத் திறந்த வெளியில் விரித்துக் காயவைத்து, பிறகு நீரில் நனைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

எண்ணெயோ வார்னிஷோ பூசியபின் குறைந்தது இரண்டு வாரமாவது கைப்பிடியைக் காற்றாட வைத்திருக்க வேண்டும். விரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது; கையில் ஒட்டக்கூடாது. முழுதும் காயாத பூச்சின் மீது பிளாஸ்டிக்கைச் சுற்றினால் அதன் சுருக்கங்கள் எல்லாம் பூச்சில் பதிந்துவிடும்.

சுற்றுவது எப்படி?

காவலுக்கு வேண்டியது நீர் புகாத ஒரு மெல்லிய தாள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. ஆகையால் இதற்கென்று பை தேட வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டின் உறையே போதுமானது. அதை இரண்டு ஓரமும் வெட்டித் திறந்து, கழுவி, நன்றாக உலர்த்திக்கொள்ள வேண்டும். உரச் சாக்கின் உள்தாளையும், பூச்சிமருந்து வந்த பையையும் பயன்படுத்தவே கூடாது. உரத்தின் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பையும் பித்தளையையும் அரிக்கும். மருந்தின் நஞ்சோ தோலிலும் கையிலும் ஏறிவிடும்.

முதலில் அலகின் வாயைக் கவனிக்க வேண்டும். கெட்டித் தாளை இரண்டாக மடித்து வாயின் நீளத்திற்கும் மாட்டி நூலால் கட்ட வேண்டும். தோலை அழுத்தும்போது விரல் வெட்டுப்படாமல் இருக்கவும், பிளாஸ்டிக் கிழியாமல் இருக்கவும் இது உதவும். அலகில் எண்ணெயை லேசாகத் தடவித் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் கைப்பிடிக்கு வரக்கூடாது.

அலகு மரத்துக்குள் நுழையும் இடத்தில் இடைவெளி இருந்தால் அங்கே சிறிது தேன்மெழுகை வைத்து அடைக்கலாம். நீர் உள்ளே இறங்கும் முதல் வழி அதுதான்.

அடுத்து, அலகின் நுனியிலிருந்து கைப்பிடியின் முனைவரை முழுக் கத்தியையும் பால் உறைத் தாளால் சுருக்கமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். தாளின் ஓரம் ஒன்றின்மேல் ஒன்று இரண்டு விரற்கடை ஏறி அமைய வேண்டும். ஒட்டும் நாடாவைத் தாளின் மேல் மட்டுமே ஒட்ட வேண்டும். கைப்பிடியின் மெருகில் நேராக ஒட்டினால், உரிக்கும்போது பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். அலகுப் பக்கம் தாளின் வாய் திறந்திருக்கக்கூடாது. மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் உறை தளர்ந்துபோகும். இரண்டு சுற்றின் கனம் நன்மையே செய்கிறது. பிறகு தாளில்லாமல் கத்தியைச் செருகும்போது உரசாமல் இறங்க அந்த இடம் உதவும்.

வெட்டுதலும் தைத்தலும்

அளவு எடுப்பதைச் சுற்றிய கத்தியைக் கொண்டே செய்ய வேண்டும். தோலின் வழவழப்பான பக்கம் வெளியே வரும்படி கத்தியின் முதுகோடு மடித்து, வாய்ப்பக்கத்தில் இரு ஓரங்களையும் கத்திக்கு நெருக்கமாகக் கையால் சேர்த்துப் பிடித்துக் கோடு இட வேண்டும். கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை விட்டு வெட்ட வேண்டும்.

இரு ஓரங்களுக்கும் இடையில் அதே தோலில் வெட்டிய மெல்லிய வார் ஒன்றை வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். இந்த இடைவார் மிக முக்கியம். அது இல்லாவிட்டால் கத்தியின் வாய் தையல் நூலில் நேராகப் பட்டு, சில நாட்களில் நூலை அறுத்துவிடும். பிறகு உறை பிளந்து கத்தி வெளியே வரும். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலை இரண்டு ஊசிகளில் கோத்து, இருபுறமிருந்தும் மாறி மாறித் தைப்பது நல்லது. நுனியில் நீர் வடிய ஒரு சிறு துளை விட வேண்டும்.

நனைக்கும் முன் சுற்றிய கத்தியை ஒரு முறை செருகிப் பார்க்க வேண்டும். சிறிது இறுக்கமாக, ஆனால் முட்டாமல் இறங்க வேண்டும். முட்டினால் தாளைத் தள்ளிக் கிழிக்கும். அப்படியானால் தையலை மாற்றுவதே முறை. ஈரத்தில் தானாக விரியும் என்று விட்டுவிடக்கூடாது.

நனைத்தலும் வடிவம் பிடித்தலும்

மண் சட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். துருப்பிடித்த இரும்பு வாளி கூடாது. தோல் முழுவதும் கறுத்துவிடும். தண்ணீர் கைக்கு இதமான சூட்டுக்கு மேல் போகக்கூடாது. கொதிநீர் பட்டால் பட்டையில் பதனிட்ட தோல் சுருண்டு கல்லாகிவிடும்.

உறையை மட்டும் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். தோலிலிருந்து வரும் குமிழிகள் நின்றதும் எடுத்து, நீரை வடித்து, துணியால் ஒற்றி நிழலில் வைக்க வேண்டும். தோலின் மேற்பரப்பு மெல்லத் தன் பழைய நிறத்திற்குத் திரும்பத் தொடங்கும் சமயமே வடிவம் பிடிக்கச் சரியான பதம். சொட்டச் சொட்ட இருக்கும்போது அழுத்தினால் வடிவமும் நிற்காது. கத்திக்கும் தேவையில்லாத ஈரம் சேரும்.

பதம் வந்ததும் சுற்றிய கத்தியைச் செருகி, கட்டை விரலால் கைப்பிடியின் புடைப்பையும், பூண் இருக்கும் இடத்தையும், அலகின் முதுகையும் தொடர்ந்து அழுத்திவர வேண்டும். வழவழப்பான மரத்துண்டு அல்லது மாட்டுக் கொம்புத் துண்டால் ஓரங்களை நீவலாம். இரும்புக் கருவி தோலில் கறுப்புத் தடம் விடும். அலகின் வாய்ப்பக்கத்தை ஒருபோதும் விரலால் அழுத்தக்கூடாது.

உலர்த்துதல்

வடிவம் பிடித்ததும், தோல் தன் நிலையில் நிற்கத் தொடங்கியவுடன், கத்தியை மெதுவாக உருவி எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் இந்த நிலை வந்துவிடும். இரவு முழுவதும் உள்ளே விடுவதுதான் முன்னே சொன்ன கேடுகளுக்கெல்லாம் வழி. பிளாஸ்டிக் சுற்றியிருந்தாலும் எங்கோ ஓர் ஊசித் துளை இருந்தால் ஈரம் உள்ளே புகும். புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரத்தின்மேலேயே தங்கும்.

எடுத்ததும் தாளை அவிழ்த்துக் கைப்பிடியைத் தடவிப் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் துடைத்துக் காற்றாட வைக்க வேண்டும். வெயிலில் வைக்கக்கூடாது. சில கத்திகளில் அலகின் வால் பகுதி அரக்கு உருக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். சூட்டில் அரக்கு இளகினால் கைப்பிடி கழன்றுவிடும்.

உறையை வெறுமையாக நிழலில் தொங்கவிட்டு, இரண்டு நாள் உலர்த்த வேண்டும். மழைக் காலமானால் இன்னும் ஓரிரு நாள் ஆகலாம். அடுப்பருகில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். உலர்ந்ததா என்று அறிய உறையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். குளிர்ச்சி தெரியாதபோது, வெளிப்பக்கம் மட்டும் தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றலாம். உள்பக்கம் எண்ணெயோ மெழுகோ பூச வேண்டாம்; மணலும் தூசியும் ஒட்டிக்கொண்டு கைப்பிடியின் மெருகைத் தேய்க்கும்.

மாதிரிக் கட்டை

ஒரே மாதிரியான கத்திகள் நாலைந்து உள்ள வீட்டிலும், உறை செய்து விற்கும் தொழிலாளியிடமும் கத்தியை ஈரத்தில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. கத்தியின் அளவுக்குச் சிறிதே பெரிதாக மென்மரத்தில் ஒரு மாதிரிக் கட்டை செதுக்கிக்கொண்டு, அதன்மேல் தோலைப் படிய வைக்கலாம். கட்டை இரவு முழுவதும் உள்ளே இருந்தாலும் நஷ்டமில்லை. கை வெட்டுப்படும் அச்சமும் இல்லை.

முன்பே கறுத்துவிட்ட கைப்பிடிக்கு

மெருகு மட்டும் வெளுத்திருந்தால், நன்றாகக் காயவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பூசலாம். மரத்தில் ஊறிய கறுப்பை நீக்கத் தச்சர்கள் ஆக்சாலிக் அமிலம் பயன்படுத்துவது உண்டு. அது நச்சுப் பொருள். குழந்தைகள் உள்ள வீட்டில் வைத்திருப்பது நல்லதல்ல. கறுப்பினால் வேலைக்குக் கேடில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் கைப்பிடி ஆடினால் விடக்கூடாது. தண்ணீரில் ஊறப்போடாமல், ஆணியை மாற்றியோ, கருவேலங் கட்டையில் புதுக் கைப்பிடி போட்டோ சரிசெய்த பிறகே வேலைக்கு எடுக்க வேண்டும்.

அன்றாடப் பாதுகாப்பு

வாழைச் சாறும் சேறும் படிந்த கத்தியை அப்படியே உறையில் செருகக்கூடாது. சாற்றில் உள்ள துவர்ப்பும் இரும்பைக் கறுக்கச் செய்யும். நோயுற்ற மரத்தை வெட்டிய சாறு உறைக்குள் தங்கினால், அடுத்த மரத்திற்கு நோய் பரவவும் வழியாகும். கத்தியைக் கழுவித் துடைத்த பிறகே செருக வேண்டும்.

உறை என்பது எடுத்துச் செல்வதற்கு. இருப்பு வைப்பதற்கு அல்ல. தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வீடு திரும்பியதும் கத்தியை உருவித் துடைத்து, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் தனியாகவும், உறையைத் தனியாகவும் மாட்டிவைக்க வேண்டும். மழையில் உறை நனைந்துவிட்டால் முதலில் கத்தியை எடுத்துவிட வேண்டும். உறை காயும்வரை ஓரிரு நாள் பழந்துணியே கத்திக்குப் போதும்.

சுற்றி வைப்பது, சீக்கிரம் எடுப்பது, உறை முழுதும் காய்ந்தபின் செருகுவது ஆகிய இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் இடுப்புக்கும் காவல் கிடைக்கும். கைக்குப் பழகிய கைப்பிடியும் கெடாது. அடுத்த சந்தை நாளில் தோல் வாங்கப் போகும் முன், இடுப்பில் உள்ள கத்தியின் கைப்பிடி ஆடுகிறதா என்று ஒரு முறை அசைத்துப் பார்த்துக்கொள்வது நலம்.